பாதையிலுள்ள தீங்கும் மலைச்சாலையின் நீரும்



மதீனாவில் ஒரு ஜும்ஆ தொடங்கி மறு ஜும்ஆ வரை மழை ஓயாமல் பெய்தது. கால்நடைகள் அழிகின்றன, பாதைகள் துண்டிக்கப்பட்டுவிட்டன என்று ஒருவர் பள்ளிவாசலில் எழுந்து நின்று முறையிட்டார். அப்போது அண்ணல் நபி (ஸல்) அவர்கள், இம்மழை தங்களைச் சுற்றிலும் பெய்யட்டும், குன்றுகளின் மீதும் ஓடைகளின் அடியிலும் மரங்கள் முளைக்கும் இடங்களிலும் பொழியட்டும் என்ற கருத்தில் துஆ செய்தார்கள். ஹதீஸ் நூல்களில் நாமெல்லாரும் படித்த செய்தி இது. அந்தத் துஆவில் குறிப்பிடப்படும் குன்றும் ஓடையும் மரமும் ஒருங்கே அமைந்த இடத்தில்தான் நீலகிரியின் கிளென்மார்கனைச் சேர்ந்த நாங்கள் வாழ்ந்துவருகிறோம். சமவெளியில் இருப்போர் தள்ளி நிற்கட்டும் என வேண்டும் மழை எங்கள் கூரைக்கு வந்து சேர்கிறது. இதில் எங்களுக்குக் குறையொன்றும் இல்லை. மழை அருளென்றே எங்கள் பெரியவர்கள் எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஆயினும் அம்முறையீட்டில் ‘பாதைகள்’ என்ற சொல் இடம்பெற்றிருப்பது, ஆனி பிறந்துவிட்டால் எங்கள் நெஞ்சில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தைக்கிறது.

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் நெடுஞ்சாலையில் தலைக்குந்தாவைக் கடந்து, பின்னர் கிளைச்சாலையில் திரும்பினால் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கிளென்மார்கன் வரும். உதகைக்கும் எங்களுக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மருத்துவமனையும் கல்லூரியும் சந்தையும் அந்தத் தொலைவுக்கு அப்பால்தான் இருக்கின்றன. ஊரின் ஓரத்தில் மின்வாரியத்தின் நீர்த்தேக்கம் ஒன்று உண்டு. பைக்காராவின் நீர் இங்கே வந்து தங்கி, மலைச்சரிவில் பதித்த இரும்புக் குழாய்களின் வழியாக 900 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கி, அடிவாரத்திலுள்ள சிங்காராவில் மின்சாரமாகிறது. 1932 முதல் இது நடந்துவருகிறது. நீரை அது போகவேண்டிய வழியில் நடத்தத் தெரிந்த ஊர் இது. வழி அமைத்துக் கொடுத்தால் நீர் விளக்கேற்றுகிறது. அதே நீர் வழியில்லாமல் சாலையின் மேல் நின்றுவிட்டால் என்னவாகிறது என்பதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது.

சென்ற ஆண்டுகளில் ஒரு மழைக்காலம். எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், ஃபஜ்ர் தொழுகையை முடித்துவிட்டு வேலைக்காக இருசக்கர வண்டியில் புறப்பட்டார். கனமழை பெய்யவில்லை, தூறல்தான். வேகமும் மிகுதியில்லை, பின்னால் வந்த ஜீப் ஓட்டுநர் முப்பதுக்கு மேல் இராது என்றார். இறக்கத்தில் ஒரு வளைவு. பிரேக் பிடித்தார், பின்சக்கரம் விலகியது, அவ்வளவுதான். உயிரை இறைவன் காத்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இடது முழங்கால் இன்றும் முழுதாய் மடங்குவதில்லை. தொழுகையில் நாற்காலியில் அமர்கிறார். அவருக்கு வயது இருபத்தாறு.

நலம் விசாரிக்கச் சென்ற எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னோம்: தக்தீர். விதியை நம்புவது ஈமானின் கடமைகளுள் ஒன்று, அதில் ஐயமில்லை. அது அடிபட்டவருக்கு ஆறுதல் தரும் சொல். பொறுமையைக் கொடுக்கும் சொல். ஆனால் அச்சொல்லை அந்த வளைவுக்கும் சேர்த்துச் சொல்லிவிட முடியுமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனைச் சாருமாறு ஒரு கிராமவாசிக்கு நபியவர்கள் அறிவுறுத்தியதை நாமறிவோம். அந்த ஒட்டகத்துக்குக் கயிறு எதுவோ அதுவே சாலைக்கு அதன் மேற்பரப்பு. விழுந்த காலுக்குப் பொறுமை வேண்டும். வழுக்கும் தரைக்குப் பொறுமை காட்டுவது வேறு விஷயம். இந்த எண்ணத்தினால், ஈரச்சாலை ஏன் வழுக்குகிறது என்பதைப் படித்தும் கேட்டும் அறிந்துகொள்ளத் தொடங்கினோம். எங்கள் வீட்டிலேயே கட்டடப் பொறியியல் பயிலும் பிள்ளை ஒருவன் இருந்தது பெரும் உதவியாயிற்று.

இத்துறையில் பெரிய வெளிச்சம் விமானங்களிலிருந்து வந்தது. 1960களில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தைச் சேர்ந்த லாங்லி ஆய்வுக்கூடத்தில் வால்டர் ஹார்ன் என்பவரும் அவருடைய குழுவினரும், ஈர ஓடுபாதையில் விமானச் சக்கரங்கள் பிடிமானத்தை இழப்பதை ஆராய்ந்தனர். சக்கரம் வேகமாக உருளும்போது முன்னாலுள்ள நீர் ஒதுங்குவதற்கு நேரம் வேண்டும். வேகம் மிகுந்தால் அந்த நேரம் கிடைப்பதில்லை. நீர் ஆப்பு அடித்ததைப் போல டயருக்கும் தரைக்கும் நடுவே நுழைந்து, சக்கரத்தைத் தூக்கிவிடுகிறது. வண்டி சாலையை விட்டு நீரின் மேல் மிதக்கிறது. திருப்பினாலும் திரும்பாது, நிறுத்தினாலும் நில்லாது. எந்த வேகத்தில் இது நேரும் என்பதற்கு அவர்கள் எளிய கணக்கொன்றும் தந்தனர். டயரின் காற்றழுத்தத்தைப் பவுண்டுக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.35 ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை மைல் என்று கிடைக்கும். 32 பவுண்டு காற்றுள்ள கார் டயருக்கு இது ஏறத்தாழ 94 கிலோமீட்டர். காற்று 25 பவுண்டாகக் குறைந்துவிட்டால் 83 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் பயணம் போகும் சகோதரர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் சீக்கிரமே மிதக்கத் தொடங்கும்.

ஆனால் எங்கள் இளைஞர் முப்பதில் அல்லவா சென்றார்? இந்தக் கேள்விக்கும் அதே ஆராய்ச்சிகளில் விடை இருக்கிறது. ஆழமான நீரில் வேகத்தால் மிதப்பது ஒருவகை. மற்றொரு வகைக்கு ஆழமும் வேண்டாம், வேகமும் வேண்டாம். தரை வழவழப்பாக இருந்து, அதன் மேல் காகிதத் தடிமன்கூட இல்லாத நீர்ப்படலம் ஒன்று இருந்தால் போதும். நீருக்கும் சிறிது பிசுக்கு உண்டு. கடைசி மெல்லிய படலம் எளிதில் நசுங்கி வெளியேறுவதில்லை. அதில் டீசல் துளியும் டயர்த் துகளும் வாடிய இலையின் சாறும் கலந்தால் பிசுக்கு இன்னும் கூடும். கோடைக்குப் பின் விழும் முதல் தூறலில் வண்டிகள் மிகுதியாகச் சறுக்குவதற்குக் காரணம் இதுவே. நல்ல மழை பெய்து தரையைக் கழுவிய பிறகு ஆபத்து ஓரளவு தணிகிறது. எங்கள் மலைக்கோ மழையை விடப் பனிமூட்டமே அதிகம். அது சாலையைக் கழுவுவதில்லை, நனைத்துவிட்டுப் போகிறது. கற்பூர மரமும் சில்வர் ஓக்கும் நிழல் தரும் வளைவுகளில் பகலிலும் ஈரம் காய்வதில்லை, பாசியும் படிகிறது. காரட் ஏற்றிவரும் லாரிகள் உதிர்க்கும் களிமண்ணும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது.

பிடிமானம் பாதியானால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் வண்டி, உராய்வுக் கெழு 0.6 உள்ள சமதளச் சாலையில் பிரேக் பிடித்தால் ஏறத்தாழ பத்தரை மீட்டரில் நின்றுவிடும். கெழு 0.3 ஆகிவிட்டால் 21 மீட்டர் வேண்டும். அதுவே 6 சதவீத இறக்கமானால் 26 மீட்டர் ஆகிறது. வளைவுக்கு அப்பால் பள்ளிப் பிள்ளைகள் நடந்து வந்துகொண்டிருந்தால், அந்தப் பதினைந்து மீட்டர் வெறும் எண்ணாக இராது.

ஆக, ஒரு சாலைக்கு நீரின் பொருட்டு மூன்று கடமைகள் இருக்கின்றன. முதலாவது, விழுந்த நீரைத் தங்கவிடாமல் ஓரத்துக்கு அனுப்புவது. இரண்டாவது, தங்கிய நீர் டயருக்கு அடியிலிருந்து ஒதுங்குவதற்கு இடம் கொடுப்பது. மூன்றாவது, எஞ்சிய கடைசிப் படலத்தைக் கிழித்து ரப்பரைக் கல்லோடு தொடவிடுவது.

முதற்கடமையைச் சாலையின் குறுக்குச்சரிவு செய்கிறது. 1934இல் தொடங்கப்பட்ட இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவுகளின்படி தார்ச்சாலைக்கு ஏறத்தாழ 2 சதவீதச் சரிவு வேண்டும். அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்கு 2 சென்டிமீட்டர் இறக்கம். சமவெளியில் இது போதுமானது. மலையிலோ சாலையே சாய்ந்து இறங்குகிறது. நீளவாக்கில் 6 சதவீதச் சரிவும் குறுக்குவாக்கில் 2 சதவீதச் சரிவும் இருந்தால் நீர் நேரே ஓரத்துக்குப் போகாது. கோணலாகச் சாலையோடு ஓடும். மூன்றரை மீட்டர் அகலத்தைக் கடக்க அது பதினொரு மீட்டர் ஓடவேண்டியிருக்கிறது. ஓடும் தூரம் கூடக்கூட படலம் தடிக்கிறது. அதனினும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. இடப்பக்க வளைவில் சாலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அடுத்த வலப்பக்க வளைவில் மறுபக்கம் சாய்ந்திருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நடுவிடத்தில் குறுக்குச்சரிவு இல்லாமற்போகிறது. ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்த நீர் அங்கே சாலையின் குறுக்கே தடம் மாறுகிறது. ஓட்டுநர் வண்டியை மறுபக்கம் திருப்பும் இடமும் அதுவே. மலைச்சாலையை வரைபவர் இந்த இடத்தில்தான் தம் கவனம் முழுவதையும் வைக்க வேண்டும்.

இரண்டாவது கடமை, மேற்பரப்பில் சல்லிகளுக்கு நடுவேயுள்ள இடைவெளிகளுடையது. இதனை அளக்கும் முறை மிக எளியது. பார்த்தபோது எங்கள் வீட்டுப் பெண்களும் வியந்தனர். அளந்து எடுத்த மெல்லிய மணலைச் சாலையில் கொட்டி, வட்டமாகத் தேய்த்துப் பரப்புவார்கள். தரை சொரசொரப்பாயிருந்தால் மணல் குழிகளுக்குள் இறங்கி, வட்டம் சிறிதாகும். தரை வழவழப்பாயிருந்தால் வட்டம் விரிந்துகொண்டே போகும். 25 மில்லிலிட்டர் மணல் 20 சென்டிமீட்டர் விட்டத்தில் அடங்கினால் குழிகளின் சராசரி ஆழம் 0.8 மில்லிமீட்டர், 30 சென்டிமீட்டருக்குப் பரவினால் 0.35 மில்லிமீட்டர்தான். எங்கள் பிள்ளை ஒரு விடுமுறைக் காலையில், சாலையின் இருபுறமும் ஆட்களை நிறுத்திவைத்து, அந்த வளைவிலும் சற்றுத் தள்ளியிருந்த நேர்ச்சாலையிலும் இச்சோதனையைச் செய்து காட்டினான். நேர்ச்சாலையில் மணல் அடங்கியது. வளைவில், தார் கசிந்து கறுப்புக் கண்ணாடி போல் மின்னிய இடத்தில், மணல் ஒதுங்க இடமில்லாமல் பரவிக்கொண்டே போயிற்று. அதைப் பார்த்து நின்ற பெரியவர் ஒருவர், மணலுக்கே இங்கே இடமில்லை, நீருக்கு எங்கே இருக்கும் என்றார். பல பக்கங்களில் நாங்கள் படித்ததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

மூன்றாவது கடமை, கல்லின் சொந்தச் சொரசொரப்புக்கு உரியது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். உப்புத்தாளைத் தடவுவது போல. வண்டிகள் ஓட ஓட, அதிலும் பிரேக் பிடிக்கும் வளைவுகளில், கல் பளபளவென்று தேய்கிறது. உடையாத கல்லெல்லாம் வழுக்காத கல் என்று எண்ணிவிடக்கூடாது. கல்லின் வலிமை வேறு, தேய்ந்தும் மழுங்காத தன்மை வேறு. இதற்கெனத் தனிச் சோதனை இருக்கிறது. நம் நாட்டுச் சாலை விதிகள் மேற்பரப்புச் சல்லிக்கு அச்சோதனையில் குறைந்தது 55 என்ற மதிப்பைக் கேட்கின்றன.

உலகம் இதற்குப் பல மருந்துகளைக் கண்டுபிடித்திருக்கிறது. 1967இல் அமெரிக்காவின் வாஷிங்டன் விமானநிலைய ஓடுபாதையில் குறுக்கே மெல்லிய பள்ளக்கோடுகளை வெட்டினர். நீர் ஒதுங்க அவை வாய்க்கால்களாயின. நெதர்லாந்தின் விரைவுச்சாலைகளில் பெரும்பாலானவை நுண்துளைகள் நிறைந்த தார்க்கலவையால் ஆனவை. மழைநீர் மேலே நிற்காமல் உள்ளே இறங்கி, அடியிலுள்ள அடுக்கின் மேல் வழிந்து ஓரத்துக்குப் போய்விடுகிறது. முன்செல்லும் வண்டி வாரியடிக்கும் திவலையும் குறைகிறது. பிரிட்டனில் அபாயமான வளைவுகளிலும் சந்திப்புகளிலும் மட்டும், சுட்டெடுத்த பாக்சைட் துகளை ரெசின் பசையால் ஒட்டினர். எளிதில் மழுங்காத பொருள் அது. நம் மதுரையில் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடான சல்லியின் மேல் நெகிழிக் கழிவை உருக்கிப் பூசி, அதன் பின் தாரைக் கலக்கும் முறையைக் கண்டு 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். அது வழுக்கலுக்கு நேரடி மருந்தன்று. ஆயினும் நீர் புகுந்து கல்லையும் தாரையும் பிரிப்பதைத் தடுப்பதால், குழி விழுந்து நீர் தேங்குவது குறைகிறது.

இவற்றுள் எங்கள் மலைக்குப் பொருந்துவது எது? துளைச்சாலை பொருந்தாது என்றே கருதுகிறோம். களிமண்ணும் இலைக்குப்பையும் ஒரே பருவத்தில் அதன் துளைகளை அடைத்துவிடும். எல்லா வளைவுகளுக்கும் பாக்சைட் பூசுவது செலவுக்குக் கட்டுப்படியாகாது. மிக மோசமான சிலவற்றுக்குப் பூசலாம். தார் கசிந்து வழவழத்த இடங்களைச் சுரண்டியெடுத்து, மழுங்காத ஒற்றையளவுச் சல்லியைத் தூவி உருளையால் அழுத்துவது எளிது. கொண்டை ஊசி வளைவுகளில் கான்கிரீட் தளமிட்டால், அது இறுகுமுன் குறுக்குக் கோடுகள் இழுப்பதற்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை. இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக வேண்டுவது, மலையோரத்தில் அடைபடாத வடிகால்.

வடிகாலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சரியான சரிவோடு போட்ட சாலையும் ஓரத்தில் புல்லும் மண்ணும் வளர்ந்து வரம்பு கட்டிவிட்டால் வாய்க்காலாக மாறிவிடுகிறது. நீர் ஓரம் வரை ஒழுங்காக வந்து, வெளியேற முடியாமல் சாலையின் மேலேயே ஓடுகிறது. 2019 ஆகஸ்ட் மாதத்தில் இதே மாவட்டத்தின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. அப்படிப்பட்ட நாளில் எந்த வடிகாலும் தாங்காது என்பது உண்மை. ஆனால் கால்களையும் உயிர்களையும் வாங்கும் நாள்கள் பெரும்பாலும் அவையல்ல. பெருமழையில் எல்லோரும் அஞ்சி வீட்டில் இருக்கிறார்கள். சாதாரணத் தூறலில், சாதாரண வேகத்தில், சாதாரண வேலைக்குப் போகையில்தான் விழுகிறார்கள். அந்தச் சாதாரண நாளுக்கு மண்வெட்டியே போதும்.

ஆகவே அனுமதி பெற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரார் கூடினோம். தோட்டத் தொழிலாளர்களும் பக்கத்து வீட்டு அண்ணன்மார்களும் எங்கள் ஜமாஅத்தினரும் சேர்ந்து, வளைவின் மேற்புறம் அடைபட்டிருந்த வடிகாலைத் திறந்தோம். ஓரத்து மண்வரம்பில் பத்தடிக்கு ஒரு வாய் வெட்டினோம். பாசியைக் கம்பித் துடைப்பத்தால் தேய்த்தோம். கசிந்த தாரை எங்களால் ஒன்றும் செய்ய இயலாது. அது பொறியாளர் செய்யவேண்டிய வேலை. மணல் வட்டத்தின் அளவுகளையும் நிழற்படங்களையும் சேர்த்து, பொறுப்பிலுள்ளவர்களுக்கு மனு எழுதினோம். ‘சாலை மோசம்’ என்று எழுதவில்லை. எந்த வளைவு, எத்தனை மீட்டர் நீளம், எந்தப் பக்கத்திலிருந்து நீர் வருகிறது, என்ன செய்தால் தீரும் என்று எழுதினோம். மனு இன்னும் மேசையில்தான் இருக்கிறது. மறுபடியும் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.

பாதையிலிருந்து தீங்கு தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். கலிமாவை உச்சியில் வைத்து எண்ணத் தொடங்கிய அந்த வரிசையில் இதுவும் இடம்பெறுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். வழியில் கிடந்த முட்கிளையை ஒதுக்கிய ஒருவருக்கு மன்னிப்புக் கிட்டியதையும் கேட்டிருக்கிறோம். முள்ளும் கல்லும் கண்ணுக்குத் தெரிகின்றன. மில்லிமீட்டரில் ஒரு பங்குத் தடிமனுள்ள நீர்ப்படலம் தெரிவதில்லை. ஆயினும் அது முள்ளைவிடக் கொடியது. கண்ணுக்குத் தெரியாத தீங்கை அறிவின் துணையால் கண்டறிந்து அகற்றுவதும் அதே கிளையைச் சேர்ந்த அமல்தான் என்று நாங்கள் நம்புகிறோம். அப்படியானால், சரிவைச் சரியாக வரையும் பொறியாளரும், மழுங்காத சல்லியை ஏமாற்றாமல் போடும் ஒப்பந்தக்காரரும், தாரின் அளவு கூடாமல் பார்த்துக்கொள்ளும் தொழிலாளியும், அறிந்தோ அறியாமலோ ஒரு வணக்கத்தின் வாயிலில் நிற்கிறார்கள்.

இராக்கில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும், அதற்குப் பாதையை ஏன் செம்மைப்படுத்தவில்லை என்று அல்லாஹ் தம்மைக் கேட்பானே என உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. மதீனாவில் இருந்துகொண்டு இராக்கின் பாதையைப் பற்றி அவர் கவலைப்பட்டார். நம்முள் பலர் ஏதேனும் ஒரு பொறுப்பில் இருக்கிறோம்: ஊராட்சியில், ஜமாஅத்தில், தோட்டத்தில், வாகனத் தொழிலில். மொட்டை டயரோடு பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்லும் ஜீப்பின் உரிமையாளருக்கும் அந்தக் கேள்வி உண்டு.

சகோதர சகோதரிகளே, உங்கள் ஊரிலும் ‘அந்த இடம் ராசியில்லை’ என்று சொல்லப்படும் ஒரு வளைவு இருக்கும். மழை விட்டபின் ஒருநாள் பாதுகாப்பான ஓரத்தில் நின்று அதைப் பாருங்கள். நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போக விரும்புகிறது, எது அதைத் தடுக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். ராசிக்கு மருந்தில்லை, அடைபட்ட நீருக்கு உண்டு. கண்டதை எழுதுங்கள், கேளுங்கள், கையால் இயன்றதைக் கையால் செய்யுங்கள். பெய்யும் மழையை எல்லோருக்கும் பயனுள்ள மழையாக்கி, ஈரப்பாதையில் செல்லும் ஒவ்வொருவரையும், அவர் எம்மதத்தவராயினும், வீட்டாரிடம் நலமாகச் சேர்ப்பிக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.